ஊர்ப் பெயர் கேட்ட விருந்தாளி

இந்தியாவிலிருந்து ஒரு பெரிய மனிதர் கண்டிக்கு வருகிறார், இந்திய வம்சாவளி மக்களான எங்களைச் சந்திக்கப் போகிறார் என்று மஹய்யாவவில் எங்கள் மக்களுக்காகச் சங்கம் நடத்தும் சங்கக்காரர் சொன்னதும், அந்தப் பெரிய மனிதரின் சிபாரிசு எனக்குக் கிடைக்குமா என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். மேற்படிப்புக்கு இந்தியாவில் புலமைப்பரிசில் கேட்டிருந்தேன்.

"அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. பூர்வீக ஊர் எதுன்னு கேப்பாரு, டக்குன்னு சொல்லணும்" என்றார் சங்கக்காரர்.

அங்கேதான் சிக்கல். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. தோட்டத்து மக்களில் பாதிப் பேரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்த காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு வந்த ஒரு அதிகாரியும் இதையேதான் கேட்டாராம். ஊர், தாலுகா என்று ஒப்பித்த பெரியப்பா குடும்பத்தோடு கப்பலேறினார். பெயர் வாயில் வராமல் முழித்துக்கொண்டு நின்ற தாத்தா இங்கேயே தங்கிவிட்டார். அப்படித்தான் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. அப்பா அப்படித்தான் நம்புகிறார்.

எங்கள் கலஹாவிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் வரும்போதே அப்பா ஆரம்பித்தார். "இத்தன வருஷம் கழிச்சி இந்தியாவுக்கு நம்ம மேல என்னா பாசம்?"

"வீடு கட்டித் தர்றாங்க, படிக்க உதவுறாங்க. சும்மா வாங்கப்பா."

"அதான் கேக்கறேன். எதுக்கு?"

மண்டபத்தில் விருந்தாளி பேசப் பேச நானும் குழம்பினேன். இரண்டு நாடுகளுக்கும் நடுவே நாங்கள்தான் பாலமாம். துறைமுகம், மின்சாரம், கடல் என்று எங்கெங்கோ போய், ஒவ்வொரு முறையும் எங்களிடமே திரும்பி வந்தார். கைதட்டினேன். எதற்குத் தட்டுகிறோம் என்ற சந்தேகமும் கூடவே வந்தது. பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தவர் மெதுவாக, "பாலம்னா மிதிப்பாங்களே தம்பி" என்றார்.

பேச்சு முடிந்து இறங்கி வந்தவர் அப்பாவின் கையைப் பிடித்தார். நல்ல தமிழ். "எந்த ஊருங்க ஐயா?"

"கலஹா."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி அதே தோட்டத்துல மேல் டிவிசன், சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். சங்கக்காரர் என்னை முறைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேராதனை தாண்டியதும் அப்பாவே, "கோவமா?" என்றார்.

"படிப்பு போச்சுப்பா."

முன்சீட்டில் இருந்தவர் தூங்குகிறாரா என்று அப்பா எட்டிப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"நீயே போய் சொல்லு. ஆனா திரும்பி வர்ற டிக்கெட்டையும் சேத்து எடு. அத மொதல்ல என்கிட்ட காட்டு."

மறுநாள் சிபாரிசுக்காகச் சங்கக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதத்தான் இன்னும் மனம் வரவில்லை.