சண்டை இருக்கும்வரை வேலை

சாரதாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது ஒரு சண்டை. நூறு வருடத்துக்கு முன்னால் பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவில், கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரும் தீவை ஆண்ட வெள்ளைக்காரத் துரையும் ஒருவர் மேல் ஒருவர் மேலிடத்துக்குப் புகார் எழுதித் தள்ளியிருந்தார்கள். அவற்றை ஸ்கேன் செய்து ஆளுக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகளில் அடுக்க, நியூ ஜெர்சியில் ஒரு நூலகம் ஆள் தேடியது. பதினெட்டு வருடம் வேலை பார்த்த மருந்துக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியிருந்ததால், சாரதா தான் குடியிருந்த பிஸ்கட்டவேயிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். கடிதம் இருக்கும்வரை வேலை என்றார்கள். ஐம்பத்துமூன்று வயதில் அவளை வேறு யாரும் இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

இருவரும் ஒழுங்காகவே சண்டை போட்டார்கள். துரை மதியம் கண்ணயரும் நேரம் பார்த்துப் பாதிரியார் மணி அடித்தார். பாதிரியாரின் பன்றிகளைத் துரை சிறைப்பிடித்தார். கல்யாணங்களை யார் பதிவு செய்வது என்ற தகராறு மட்டுமே சாரதாவுக்கு ஒன்றரை மாதச் சம்பளம். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் கடிதத்தைப் பிரிக்கும்போதும், ராசியாகிவிட்டார்களோ என்று அவள் முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பாள்.

ஒரு நாள் மேலதிகாரி ரக்ஷா வந்து நின்றாள். சாரதாவைவிட இருபது வயது சின்னவள்.

“ஆன்ட்டி, இதெல்லாம் கவர்னர் சைன் பண்ணின லெட்டர்ஸ். ஃபாதர் பாக்ஸ்ல போட்டிருக்கீங்க.”

“சைன் மட்டும்தான் அவரோடது. எழுதினது ஃபாதர்தாம்மா.”

மருந்துக் கம்பெனியில் சாரதா பார்த்த வேலையே அதுதான்: ரெக்கார்டில் எழுதிய கை யாருடையது என்று பார்ப்பது. பழக்கம் விடவில்லை. ரக்ஷா காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே கைதான். துரைக்குக் கண் போய்விட்டது என்று பிஷப்புக்குப் பாதிரியார் எழுதியிருந்தார். தீவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான். ‘இந்தப் பாதிரி ஒரு பொய்யன்’ என்று துரை சொல்லச் சொல்ல, ஒரு சொல் விடாமல் அழகாக எழுதித் தபாலில் சேர்த்திருக்கிறார். பிறகு உட்கார்ந்து, துரையைப் பற்றித் தன் பங்குக்கும் எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றையும் துரையின் பெட்டிக்கு மாற்றச் சொன்னாள் ரக்ஷா. சாரதா மாற்றினாள். கடைசிக் கடிதத்தில், பாதிரியாரை உடனே தீவை விட்டு மாற்ற வேண்டும் என்று துரை கேட்டிருந்தார். அதையும் பாதிரியாரே எழுதியிருந்தார். கீழே துரையின் கையெழுத்து கோணலாக இறங்கியிருந்தது. மாற்றல் உத்தரவு அடுத்த கப்பலிலேயே வந்துவிட்டது.

கடிதங்கள் வந்திருந்த பெட்டியைச் சாரதா கவிழ்த்துப் பார்த்தாள். வேறொன்றும் இல்லை. தன் வேலை முடிந்துவிட்டது என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனால் அவளுக்கு அழுகை வந்தது துரையை நினைத்துத்தான். அதற்குப் பிறகும் மூன்று வருடம் அவர் அந்தத் தீவில்தான் இருந்தார் என்று துரையின் பெட்டி மேல் எழுதியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் ஒரு கடிதம்கூட இல்லை.