மூன்றாவது பெட்டி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். ஊரில் படிப்பவர்களும், இங்கே என்னைப் போல வந்தவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், பாயான் பாரு என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் அலுவலகம் துடைப்பது என் வேலை. வெள்ளைப் பலகையை அழிப்பதும் நான்தான். கொஞ்ச நாளாக அதில் பெட்டி பெட்டியாகப் படம். மேலே 'அழிக்காதே' என்று எழுத்து. எங்கள் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வந்திருக்கும் கெலுகோர் ஊர்ப் பெண் சாந்தி வரைந்தது. "இது கிளாஸ் டயாகிராம் அண்ணே, ஆளுங்கள வகை பிரிச்சுக் கம்ப்யூட்டருக்குச் சொல்ற படம். மேல 'தொழிலாளி'. அதுக்குக் கீழ ரெண்டு பிள்ளைங்க, 'உள்நாட்டுக்காரர்', 'வெளிநாட்டுக்காரர்'. மேல உள்ள பேரு, சம்பளம் எல்லாம் கீழ தானா வந்துரும்" என்றாள். உள்நாட்டுப் பெட்டிக்குள் குடும்பத்துக்கான கிளினிக் அட்டை இருந்தது. வெளிநாட்டுப் பெட்டிக்குள் ஹாஸ்டல் கட்டிலும் பெர்மிட் முடியும் தேதியும்.

"நீங்க எந்த ஊரு அண்ணே?"

நம் ஆட்கள் இப்படிக் கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடும். "அறந்தாங்கிப் பக்கம்" என்றேன். இருபது வருடத்துக்கு மேலாக இங்கே பிறை என்ற ஊரில் குடியிருக்கிறேன் என்று சொல்லத் தோன்றவில்லை. வெளிநாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதிக்கொண்டாள்.

அறந்தாங்கிப் பக்கம் என்னை என்ன செய்தார்கள் தெரியுமா? கடைசியாகப் போனபோது கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்கினார்கள். நானும் நீட்டினேன். "மலேசியாக்காரருக்கு ஏது வரி? நன்கொடைன்னு எழுதிக்கிறோம்" என்றார் என் பங்காளி. உள்ளூர்க்காரன்தான் வரி கொடுக்க முடியும். பேசாமல் வந்துவிட்டேன்.

இங்கே பேசாமல் இருக்க முடியாது. மனைவி மங்களத்துக்குச் சர்க்கரை. அந்தக் கிளினிக் அட்டையில்தான் ஊசி மருந்து வாங்குகிறோம்; வெளிநாட்டுப் பெட்டியில் அது இல்லை. ஒரு வாரம் கழித்து அடையாள அட்டையை நீட்டி வாயைத் திறந்தேன்.

"எனக்குச் சிவப்பு ஐசிம்மா. குடியுரிமை இல்ல, ஆனா காலம் பூரா இங்க இருக்கலாம். பெர்மிட்டே கிடையாது, அப்புறம் முடியுற தேதி ஏதும்மா?"

"அலாமா! மொதல்லயே சொல்லக்கூடாதா அண்ணே? ஒரு ஆளு ரெண்டு பெட்டியில இருக்க முடியாது லா."

மூலையில் மூன்றாவது பெட்டி ஒன்று வரைந்தாள். அதற்குள் கேள்விக்குறி போட்டாள். மேலே 'தொழிலாளி' பெட்டியில் இருந்து அதற்குக் கோடு இழுக்கவில்லை. சீன மேனேஜர் பார்த்துச் சிரித்தார். "ஒன் மேன் ஒன்லி. தா பொலே லா." ஒரே ஒரு ஆளுக்காக முடியாதாம்.

இன்று படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, இரண்டு பெட்டியோடு. "ஒங்களத அப்புறம் சேக்கலாம் அண்ணே. பலகைய அழிச்சிருங்க" என்றாள் சாந்தி.

"மங்களத்தோட அட்டை?"

"அடுத்த மாசம் கேட்டுப் பாக்குறேன்."

எல்லாவற்றையும் அழித்தேன். மூலைக்கு வந்ததும் கை ஓடவில்லை. அது அங்கேயே இருக்கிறது, வெள்ளைப் பலகையில் தனியாக, எந்தக் கோடும் தொடாமல்.

பிறை, 12.8.1996