அத்தை அம்மாவான அரைநாள்

எங்கள் அத்தைக்குக் கூச்சம் என்பதே கிடையாது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசு பொய் சொல்கிறது என்று வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் முகத்துக்கு நேரே சொன்னவள். அம்மா அதற்கு நேர் எதிர். மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கும்போது சுற்றிலும் பெண்களாகவே இருந்தாலும், ஈரச் சேலையை அவிழ்க்காமலே மறு சேலைக்கு மாறிவிடும் வித்தை அவளுக்குத் தெரியும். அத்தை அப்பாவின் அக்கா. வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீட்டில், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறைகளில் இருந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது.

ஒரு நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி ஒரு செய்தி சொன்னார். கண்டியிலிருந்து ஒரு டாக்டரம்மா வருகிறாராம். கல்யாணமான பெண்களை எல்லாம் டிஸ்பென்சரியில் வைத்துச் சோதிப்பாராம். காசு வேண்டாம். போகிறவர்களுக்கு அரைநாள் வேலை செய்யாமலே பேர் விழும், சம்பளமும் உண்டு. எதைச் சோதிப்பார் என்று சொல்லவேண்டிய இடத்தில் கங்காணிக்கு இருமல் வந்துவிட்டது. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "கட்டி கிட்டி இருக்கான்னு பாப்பாங்களாம்" என்று முடித்துவிட்டு, யாரும் எதுவும் கேட்பதற்குள் மலையேறிவிட்டார். எல்லாப் பெண்களுக்கும் பேர் எழுதிய துண்டு மட்டும் வந்து சேர்ந்தது.

லயத்தில் இரண்டு நாள் இதே பேச்சு. ஆளை அளந்து பார்த்து இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றாள் ஒருத்தி. அரைநாள் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. ரவிக்கையைத் தளர்த்தத்தான் யாரும் தயாராக இல்லை.

டாக்டரம்மா வந்த அன்று காலையில் அத்தை முதல் ஆளாகப் போய்விட்டு வந்தாள். திரும்பும்போது நடையே மாறியிருந்தது.

"நாக்காலியில ஒக்காருங்கன்னு சொல்றாங்கடி! தேத்தண்ணி, பிஸ்கட்டு எல்லாம் குடுக்குறாங்க. தொட்டுப் பாக்குறது கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிருது."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "நான் போகல மதினி" என்றாள்.

"போகலைன்னா பேர் விழாது."

"விழாட்டிப் போகட்டும்."

அத்தை சற்று யோசித்தாள். "துண்டக் குடு. ஒன் பேரச் சொல்லி நானே காட்டிட்டு வர்றேன். நீயும் நல்லாத்தானே இருக்கே."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அடுத்த காம்பரா அக்கா, தன் துண்டையும் நீட்டினாள்.

அக்காவுக்காகப் போனபோது அத்தை மூக்குத்தியைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டுக்கொண்டாள். வெற்றிகரமாகத் திரும்பி வந்தாள். அம்மாவுக்காகப் போகும்போது அம்மாவின் ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டாள். அது போதாது என்று என் கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கூட வா. உள்ள போனதும் என்னைய அம்மான்னு கூப்புடணும். வெளங்குதா?"

விளங்கியது. வழி நெடுக "அம்மா, அம்மா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா சிங்களவர். தடித்த கண்ணாடி போட்டிருந்தார். தமிழைத் தேடித் தேடிப் பேசினார். அத்தை துணித் திரைக்குப் பின்னால் போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை கண்ணை மூடித் திறப்பதற்குள் முடியவில்லை.

"அம்மா, இந்தக் கையில தேள் இருக்கு" என்ற டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

அத்தையின் முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய தேள் ஒன்று உண்டு. சேலையை மாற்றியவள் அதை மறந்துவிட்டாள்.

"ஆமாங்க."

"காலையில ஒரு அம்மா வந்தது. தேள் இருந்தது. பொறகு ஒரு அம்மா, அதுக்கும் தேள். இப்ப நீங்க."

"எங்க லயத்துல எல்லாருக்கும் அப்புடித்தாங்க" என்றாள் அத்தை, கொஞ்சமும் அசராமல். "குடும்பத் தேளுங்க."

டாக்டரம்மா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். என் முன் குனிந்து, "இது உங்க அம்மாவா?" என்று கேட்டார்.

அம்மா என்று கூப்பிடத்தான் எனக்குச் சொல்லியிருந்தது. கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"ஆமா. இன்னைக்கு மட்டும் அத்தைதான் அம்மா" என்றேன்.

மருந்து கலக்கிக்கொண்டிருந்த மருத்துவச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்து, எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். "சரி, நெசம் அம்மா ஏன் வரல்ல? பயமா?"

பிஸ்கட் கொடுத்தவரிடம் உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று எனக்குப் பட்டது. நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

"பயமில்ல. அம்மாவுக்கு இங்கன கட்டி இருக்கு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்கு."

சிரிப்பு நின்றுபோயிற்று. சேலையைப் பாதி கட்டியபடியே அத்தை வெளியே வந்தாள். அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.

"எத்தன நாளாடி?"

"பொங்கலுக்கு முந்தியே."

"கூட்டிட்டு வாங்க. நான் இருக்கிறேன்" என்றார் டாக்டரம்மா.

அத்தை மேட்டில் ஓடிய ஓட்டத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. நான் லயத்தை அடைந்தபோது, விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அம்மாவை அவள் வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் பேருல நான் நல்லாருக்கேன்னு எழுதிட்டு வரப் பாத்தேனேடி, பாவி!" என்று திட்டினாள். யாரைப் பாவி என்றாள் என்பது தெரியவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள். அழுதுகொண்டே அம்மாவைத் தரதரவென்று டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை ரயிலில் அப்பா அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப்போனார். எனக்கு விஷயம் தெளிவாக இருந்தது. பெரியவர்கள் ஏமாற்றினார்கள், நான் காட்டிக்கொடுத்துவிட்டேன், கடிதம் எழுதி அம்மாவைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். வேஷம் போட்டவள் அத்தையாக இருக்க, அடைபட்டது அம்மாவாக இருந்ததுதான் நியாயமாகப் படவில்லை. ஞாயிறுதோறும் பார்க்கப் போய்வந்த அப்பாவிடம் கேட்டால், "இன்னுங் கொஞ்ச நாள்ல விட்டுருவாங்க" என்பார். பக்கத்துத் தோட்டத்தில் கோழி திருடி உள்ளே போனவனைப் பற்றியும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அத்தை எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். ஆனால் டாக்டரம்மா இரண்டாம் தடவை வந்த அன்று, அடுத்த காம்பரா அக்காவின் முதுகில் ஒன்று வைத்து, முன்னால் நடத்திக்கொண்டு போனாள். லயத்தில் ஒருத்தியையும் விடவில்லை. அவளும் அவர்கள் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து அம்மா வந்தாள். மெலிந்திருந்தாள். இடது கையைத் தூக்க முடியவில்லை. அத்தைதான் தலை வாரிவிட்டாள். பீலிக்கும் அம்மா அத்தை ஒருத்தியைத்தான் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். உள்ளே நன்றாக அடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் டாக்டரம்மா மறுபடியும் வந்தார். அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்து அழுத்தி வாரி, தான் போட்டிருந்த காய்கறிப் பாத்தியிலிருந்து கோவாவும் லீக்ஸும் பிடுங்கி எடுத்துக்கொண்டு, என்னையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனாள். அத்தனை பேர் பார்க்க, கொஞ்சமும் கூச்சப்படாமல், டாக்டரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுபடி பிடித்துப் போடாமல் இருக்கத்தான் இவ்வளவும் என்பது எனக்குப் புரிந்தது. என் பங்குக்கு நானும் முன்னால் போய் நின்றேன்.

"இனிமே எங்க அம்மாவப் பத்தி யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேங்க" என்றேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் தலையைத் தடவினார். அம்மா தடவினாள். அத்தை இரண்டு கையாலும் தடவினாள். காட்டிக்கொடுத்தவளுக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று எனக்கு விளங்கவில்லை. வாரியிருந்த தலை கலைந்ததுதான் மிச்சம்.