வெனியானா சேற்றில் இறங்கிய காலை

சுவாவில் எங்கள் பல்கலைக்கழக விடுதியில் வெனியானாவை எல்லோரும் 'மலுவா' என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் தீவுப் பேச்சில் அதற்கு 'அப்புறம்' என்று அர்த்தம். எதைச் சொன்னாலும் அவள் வாயில் வருவது அதுதான். கடைசி வருட ஆய்வுக்கு நசேசே கடற்கரைச் சேற்று நண்டுகளை எடுத்திருந்தாள். எடுத்ததோடு சரி. ஆய்வை நினைத்தாலே அவளுக்கு அறையைப் பெருக்கத் தோன்றும். ஒருமுறை என் செருப்பைக்கூடத் தேய்த்துக் கழுவி வைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முகம் செத்துப்போய் வந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது காட்டாவிட்டால் தலைப்பையே மாற்றிவிடுவதாகப் பேராசிரியர் ராம்சரண் சொல்லிவிட்டாராம்.

"இப்ப என்னடி செய்யப்போற?" என்றேன்.

"முதல்ல முழுசா ஒரு திட்டம் போடணும். தப்பா ஆரம்பிச்சேன்னா எல்லாம் நாசம்."

சோம்பல் என்று நாங்கள் கேலி செய்ததெல்லாம் பயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"திட்டமும் வேணாம், மண்ணும் வேணாம். காலைல தண்ணி வத்துனதும் சேத்துல வந்து சும்மா நில்லு. எண்ணாத, எழுதாத. நின்னா ரொட்டிப் பொட்டலம் வாங்கித் தரேன்."

"உருளைக்கிழங்கு ரொட்டியா?"

"ஆமா, தின்னிமாடு!"

மறுநாள் காலை ரொட்டியையும் வாங்கிக்கொண்டு இறங்கினோம். கால் வைத்ததும் நண்டுகள் மொத்தமும் வளைக்குள் ஓடிவிட்டன.

"பாத்தியா? ஒண்ணுமே இல்ல. வா போலாம்."

"அசையாம நில்லுடி!"

நின்றோம். முதலில் ஒரு செம்மஞ்சள் கொடுக்கு எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு சேறு முழுக்கக் கொடுக்குகள் மேலும் கீழும் ஆடத் தொடங்கின. வெனியானா என் கையை நெரித்துவிட்டாள். நேரம் போனதே தெரியவில்லை. தண்ணீர் திரும்பி ஏற ஆரம்பித்தபோது ஒரு சின்ன நண்டு சேற்றை உருட்டி வந்து தன் வளை வாசலை அடைத்துக்கொண்டது.

"ஐயோ, கதவு சாத்துதுடி! பெருசுங்க இன்னும் சாத்தல பாரு! சின்னதுதான் முதல்ல சாத்துமா? பேனா குடு, பேனா!"

பேனா இருந்தது, காகிதம் இல்லை. முழங்கை வரை கையிலேயே எழுதித் தள்ளினாள். பாதியில் மழை கொட்டியது. என் கையில் ரொட்டி இருந்த பிளாஸ்டிக் பையைப் பிடுங்கி, ரொட்டியை என் தலையில் கொட்டாத குறையாக உதறி, பையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு ஓடினாள். சேறும் சகதியுமாகப் பேராசிரியர் அறைக்கே போய் நின்றாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கி அந்தக் கையைப் படித்தார். "வெள்ளிக்கிழமைதானே சொன்னேன்?"

"அதுவரைக்கும் பொறுக்க முடியல சார்!"

அதற்குப் பிறகு கடல் வற்றும் நேரம்தான் அவளுக்குக் கடிகாரம். எழுத உட்காரும்போது பழைய பயம் வரும். "ஒரே ஒரு வரி, மோசமா இருந்தாலும் பரவால்ல" என்று முணுமுணுத்துக்கொண்டு தொடங்கிவிடுவாள். பாத்திரம் கழுவச் சொன்னால் மட்டும் இன்றுவரை 'மலுவா'தான்.

வகுப்பில் முதல் ஆளாக ஆய்வை எழுதி முடித்து வாசித்துக் காட்டியவள் அவள். வாசித்து முடித்ததும் ஒருவன் கேட்டான்: "பெருமழை பேஞ்சாலும் இப்படித்தான் சாத்துமா?"

"தெரியலையே!" என்றாள், புதையல் கிடைத்தவளைப் போல. வெளியே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. கடல் வற்றியிருந்த நேரம் வேறு. பேராசிரியரைப் பார்த்தாள். அவர் தலையசைப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள். பின்னாலேயே பாதி வகுப்பு ஓடியது.