செம்புத் தண்ணீரும் ஏஞ்சல் மீனும்

போன மாதம் திருத்தணியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே அக்கா கிசுகிசுத்தாள். ‘உங்க பாவாகிட்ட மீனைப் பத்தி மட்டும் கேட்டுடாத!’

கேட்காமல் இருக்க முடியுமா?

பாவா - அக்காவின் கணவர். ரயில்வேயிலிருந்து ரிட்டயரானதும் ஹாலில் ஒரு மீன் தொட்டி வைத்தார். அதில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன். ஒழுங்காக முட்டையிடுகிறது... குஞ்சுதான் தங்குவதில்லை. பாதி முட்டை வெளுத்துவிடும். பொரிந்து வருவதும் முதுகு வளைந்து, ஒரே இடத்தில் வட்டமடித்துவிட்டுச் செத்துப்போகும்.

‘தாய் மீனு துடுப்பால முட்டைக்கு விசிறிகினே இருக்குதும்மா. அத்த பாக்க முடியல’ என்றார்.

பேசிக்கொண்டே எழுந்து தொட்டியில் தண்ணீர் ஊற்றினார் - செம்புக் குடத்திலிருந்து!

‘என்ன பாவா இது?’

‘நாம குடிக்கிறதுதான். செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதாச்சே... முட்டை போட்ட மீனுக்கு வேணாமா?’

எனக்கு உறுத்தியது. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் தோழிக்கு போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தேன்.

‘அநேகமா அந்தக் குடம்தாங்க காரணம்’ என்றாள் அவள். ‘நாம தாங்குற செம்பை மீன் கரு தாங்காது. இதயமும் முதுகெலும்பும் உருவாகிற நேரமாச்சே! ஈயம், பாதரசம் எல்லாமே இப்படித்தான். பெரிய மீன் ஜாலியா நீந்தும், அடி முட்டைக்குள்ளதான் விழும்.’

பாவா அப்படியே உட்கார்ந்துவிட்டார். ‘நல்லதுன்னு நெனச்சு நானே கொன்னுகினு இருந்தேனா?’

அக்கா பிளாஸ்டிக் பக்கெட்டில் போர் தண்ணீர் பிடித்து வந்து அவர் முன்னால் வைத்தாள். ‘தெரியாம பண்ணிட்டீங்க, வுடுங்க. எழுந்து தண்ணிய மாத்துங்க!’

நமக்கு நல்லது எல்லோருக்கும் நல்லது என்று எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறோம்! பாவா ஊற்றியதாவது குடிக்கிற தண்ணீர். ஏரியில் பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா என்று கொட்டுகிறோமே... அங்கே முட்டையிட்ட மீன் யாரிடம் போய்ச் சொல்லும்?

இந்த ஞாயிறு வீடியோ காலில் பாவா. தொட்டி முழுக்க கடுகு கடுகாய்க் குஞ்சுகள் - முதுகு நிமிர்ந்து, நேராக நீந்திக்கொண்டு!

‘சூப்பர் பாவா!’ என்று கத்தினேன்.

‘ஆங், ஆங்... மெதுவாம்மா. புள்ளைங்க பயந்துக்கும்’ என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

பின்னாலிருந்து அக்காவின் குரல்: ‘எனக்கு ரெண்டு பொறந்தப்பகூட இந்த மனுஷன் டியூட்டி டியூட்டின்னு ஓடினாரு. இப்ப பாரு, தொட்டிய விட்டு நகர மாட்டேன்றாரு!’