ஏன் என்று எழுதாத திருத்தம்

ஸ்டெல்லா அக்கா தவறிவிட்டார் என்று போன வாரம் ஒரு காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி வந்தது. மதியத்துக்குள் ஆறு பேரும் "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று எழுதிவிட்டோம். அவரை ஒதுக்கி வைத்த அதே ஆறு பேர். எழுதக் கை கூசவில்லை. உங்களுக்கு மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும்.

அக்கா பாக்கார் ஆராங் என்ற ஊரில் இருந்தார். தொழிற்சாலை வேலை முடிந்தால் எங்களோடு. டயாலிசிஸ் மையங்களில் எந்த நோயாளிக்கு எந்த நேரம் என்று ஒதுக்கும் மென்பொருளை இலவசமாகச் சேர்ந்து எழுதினோம். யார் அதன் நிரல் கோடை மாற்றினாலும் அக்கா ஒப்புதல் தர வேண்டும். "சின்னத் திருத்தம்" என்று குறிப்பெழுதி அனுப்பினால் அப்படியே திரும்பி வரும்.

"என்னா மாத்துனன்னு கோடே சொல்லும் தம்பி. ஏன் மாத்துனன்னு நீதான் சொல்லணும்."

"அக்காகிட்ட மாட்டுனா ஒரு வாரம் ஜாம்லா" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

ஒருநாள் நிரலில் வேண்டாத வரி ஒன்று கண்ணில் பட்டது. தொலைவிலுள்ள பெண்டாங் ஊர் நோயாளிகளுக்குக் காலை ஆறு மணிச் சுற்றைத் தராதே என்றது. நீக்கி அனுப்பினேன். "பழைய குறிப்பப் படிச்சியா?" என்று திருப்பிவிட்டார். படிக்கவில்லை. கோபம்தான் வந்தது. மற்ற ஐவரிடமும் பேசி, ஒப்புதல் தருவோர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நானே எடுத்தேன். குறிப்பு: "சின்னத் திருத்தம்."

அதன் கீழே அக்கா கேட்டிருந்தார்: "ஏன் தம்பி?"

பதில் எழுதவில்லை. அந்த வரியையும் நீக்கினேன்.

அடுத்த வாரம் பெண்டாங் நோயாளிகளை ஏற்றிவரும் வேன் வழக்கம்போல் எட்டரைக்கு வந்தது. மென்பொருள் அவர்களுக்கு ஆறு மணி என்று போட்டிருந்தது. வரவில்லையென்று இடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று பேர் வீங்கிய காலோடு மாலைவரை வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம்தான் அக்காவின் பழைய குறிப்பைத் திறந்தேன்: "வேன் எட்டரைக்குத்தான் வரும். இந்த வரியை எடுத்தால் அவர்கள் வெளியே காத்திருப்பார்கள்."

வரியைத் திரும்பப் போட்டேன். அவர் பெயரைப் போடவில்லை. வீம்பு.

அக்காவே கூப்பிட்டார். "அவங்களுக்கு ஒன்னும் ஆவலயே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இறுதிச் சடங்கன்று தேவாலயத்தில் அவருடைய அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி ஒங்களப் பத்தி ரொம்பப் பெருமையா பேசும்" என்றார். தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

என்னிடம் மீந்திருப்பது "ஏன் தம்பி?" என்ற அந்தக் கேள்விதான். நேற்று அக்கா பெயரைப் பட்டியலில் சேர்க்கும் திருத்தம் ஒன்றை எழுதினேன். குறிப்பு: "நீங்கள் சொன்னது சரி. எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் எடுத்தேன்." ஒப்புதல் தருபவர் என்ற இடத்தில் அவர் பெயரையே போட்டேன்.

இன்னும் காத்திருக்கிறது.