தாம்பாளத்தில் விழுந்த மாத்திரை

என் மாமாவின் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியது நீங்கள்தான், தலைவரே. முருகன் மேல் பழியைப் போட வேண்டாம். எங்கள் கோயில் காவடிக் குழுவின் தலைவராக, தைப்பூச விரதத்துக்குக் காப்புக் கட்டிய அந்த நாளில், பித்தளைத் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நீங்கள் நின்ற இடம்கூட எனக்கு நினைவிருக்கிறது. விரதம் முடியும்வரை எதை விடப்போகிறோமோ அதைத் தாம்பாளத்தில் வைக்க வேண்டும். காவடி இறங்கிய பிறகுதான் மறுபடி தொடலாம். ரப்பர்த் தோட்டம் இருந்த காலத்து வழக்கம் அது. தோட்டம் போய்விட்டது, சனங்கள் சுங்கை சிப்புட் ஊரின் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள், தாம்பாளம் மட்டும் கூடவே வந்துவிட்டது. அன்று அதில் சிகரெட் பெட்டிகள் விழுந்தன. ஒருவர் பியர் பாட்டில் மூடியை வைத்தார், எல்லாரும் சிரித்தார்கள். மாமா முறை வந்தபோது அவரிடம் வைக்க ஒன்றுமில்லை. சிகரெட்டையும் பியரையும் டாக்டர் சொன்ன அன்றே விட்டுவிட்டவர் அவர்.

"அது என்னாலா சட்டப் பாக்கெட்டுல?" என்று கேட்டீர்கள். கிளினிக்கில் கொடுத்த பிளாஸ்டிக் உறை. "பிரஷர் மாத்திரை, அண்ணே" என்றார் மாமா. "அதெல்லாம் கெமிக்கல்லா. கெமிக்கல உடம்புல வெச்சிக்கிட்டு சாமியத் தூக்குவியா? வை. வைக்க மனசில்லன்னா இந்த வருசம் காவடி வேணாம்."

சபை முழுக்க அவரைப் பார்த்தது. நான் எழுந்து, "மாமா, வைக்காதீங்க. ஒருவேளைச் சாப்பாட்டு விரதம்தானே, மாத்திரை போட்டா என்ன கெட்டுப்போச்சு?" என்று கத்தினேன். "ஃபாக்டரில வேல பாக்குறவ எப்பம்மா டாக்டர் ஆன?" என்றீர்கள். அதற்கும் சிரித்தார்கள். மாமா உறையைத் தாம்பாளத்தில் வைத்தார்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. ஈப்போ பக்கத்துக் கல்மலைகளிலிருந்து கல் ஏற்றும் லாரி ஓட்டியவர். வாய் ஓயாத மனிதர். லாரி பழுதாகி நடுரோட்டில் நின்றால்கூட, பின்னால் ஹாரன் அடிக்கிறவனோடு பேசிச் சிரித்து அவனையே தள்ளவைத்துவிடுவார். காலையில் கோப்பி கடையில் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, "பிரேக்கு நல்லா இருக்கும்போதே பாத்துக்கணும்லா, புடிக்காமப் போனப்புறம் பாக்க ஆளு இருக்காது" என்பார். இந்த நோய் வலிக்காது, தலை சுற்றாது, சும்மா இருப்பதுபோல இருந்துகொண்டே உள்ளே வேலையைக் காட்டும் என்று கிளினிக்கில் நர்ஸ் சொன்னதை அவர்தான் எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரோடு லாரி ஓட்டிய மலாய் நண்பருக்கும் இதே நோய், இதே கிளினிக். நாங்கள் அவரை மரியாதையாக பாக் சிக் என்போம். நோன்பு மாதம் வருவதற்கு முன்பே அவர் போய்க் கேட்பார். விடியலுக்கு முன் எது, நோன்பு திறந்த பின் எது என்று நேரத்தை மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். "புவாசா பூன் மாக்கான் ஊபாட் லா" என்பார். நோன்பிலும் மருந்து உண்டு என்று அர்த்தம். மாமா அதை அவர் குரலிலேயே பேசிக் காட்டிச் சிரிப்பார். இவ்வளவும் தெரிந்த மனிதரைத்தான் நீங்கள் சபையில் வைத்து மடக்கினீர்கள்.

சபை முடிந்ததும் மாமா வீட்டுக்குப் போய் அவரோடு சண்டை போட்டேன். கிளினிக்குக்குப் போய் விரதம் என்று சொல்லுங்கள், வேறு உறை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "நல்லாத்தானே இருக்கேன், தலவலிகூட இல்ல. சாமிகிட்ட வெச்சத எடுத்தா நல்லா இருக்காதுமா" என்றார். அத்தை அழுதார். மாமா அத்தையின் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தைப்பூசத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு காலையில், கோயில் மண்டபத்தில் காவடிக்கு மயிலிறகு கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் எலுமிச்சம்பழம் கோத்துக்கொண்டிருந்தோம். இறகு அவர் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தார், கை போகவில்லை. ஏதோ சொல்ல வந்தார், குழறியது. ஒரு கால் இழுத்துக்கொண்டது. "சாமி வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். பழகிக்கொண்டிருந்த உறுமிக்காரர்கள் அடியை ஏற்றினார்கள். நீங்கள் ஓடிவந்து திருநீற்றை அவர் நெற்றியில் பூசி, "தொடாதீங்க, அருள் எறங்கட்டும்" என்று கையை விரித்து எங்களை மறித்தீர்கள். "சாமி இல்லண்ணே, வாய் கோணுது பாருங்க, வாய் கோணுது!" என்று அத்தை அலறியது உறுமிச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லையா? கேட்டது. அலறல் வந்த பக்கம் திரும்பி என்னையும் பார்த்தீர்கள். அவர் தரையில் சரிந்த பிறகுதான் வழிவிட்டீர்கள்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போது தொடங்கியது என்பது. அடுத்தது, மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்பது. சாமி வந்ததாக நினைத்தோம் என்று ஒரு டாக்டரிடம் சொல்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அவர் திட்டவில்லை. மாத்திரையை நிறுத்தியதால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் இதைத் தடுக்கத்தான் அந்த மாத்திரை, யாரும் தானாக நிறுத்தக் கூடாது, விரதம் என்று சொல்லியிருந்தால் நாங்களே வழி செய்திருப்போம் என்றார். பூசம் முடிந்து நீங்கள் பிரசாதத்தோடு அந்த உறையைத் திருப்பி அனுப்பினீர்கள். பிரிக்காத உறை. மேலே திருநீறு.

மாமா இப்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு பேச்சிலும் அவருக்கு மிஞ்சியிருப்பது, நாமெல்லாம் பேச்சின் கடைசியில் ஒட்டுகிற ஒரே ஒரு சத்தம். லாரி போனால் "லா" என்பார். பசித்தாலும் "லா". பாக் சிக் வந்து கையைப் பிடித்துக்கொண்டால் "லா, லா" என்று அழுகிறார். அத்தை தினமும் மாத்திரையை அவர் வாயில் போட்டு, விழுங்கும்வரை தொண்டையைத் தடவுகிறார். நீங்களோ டீக்கடையில், "அவன் வெரதத்துல சுத்தம் பத்தலலா, அதான் முருகன் அடிச்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அத்தை கோயிலுக்கு வருவதில்லை.

இந்த வருடமும் காப்புக் கட்டும் நாள் வருகிறது. நேற்று கோயிலில் அந்தத் தாம்பாளத்தைப் பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், பளபளவென்று இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து சாப்பிடுகிறவர், "மாத்திரையையும் அதுல வைக்கணுமாமே, மெய்யா?" என்று என்னிடம் கேட்கிறார். நான் சொன்னேன், வைக்காதீர்கள், முதலில் கிளினிக்குக்குப் போங்கள் என்று. ஆனால் நான் சொன்னால் போதாது. காப்புக் கட்டும் நாளில் மாமாவை வீல்சேரில் கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன். அவரால் உங்களைக் கேட்க முடியாது, அதனால் நான் கேட்கிறேன். மைக்கைப் பிடியுங்கள். மருந்தை விடச் சொன்னது யார்? அன்று மண்டபத்தில் வந்தது சாமியா? என் மாமாவின் விரதத்தில் என்ன குறை? எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள், தலைவரே. சொல்லும்வரை அந்தத் தாம்பாளத்தை யார் முன்னாலும் நீட்டாதீர்கள்.